கதவில் ஒட்டியிருக்கும் எண்ணைப் படித்துவிட்டு வண்டி வாங்குங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

போன ஞாயிறு உங்கள் இணைப்பிதழில் சக்கரம் வைத்த வீடுகளைப் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். அமெரிக்காவில் பிக்கப் டிரக்கின் முதுகில் ஃபிஃப்த் வீல் என்கிற இழுவை வீட்டு வண்டியை மாட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போகும் நம் பிள்ளைகளைப் பற்றி ஆசையாக எழுதியிருந்தீர்கள், படங்களும் நன்றாக இருந்தன. ஆனால் நடுவில் ஒரு வரி வருகிறது, பெரிய பிக்கப் ஒன்று கையில் இருந்தால் எந்த ஃபிஃப்த் வீலையும் இழுத்துக்கொண்டு போய்விடலாம் என்று. அது தப்பு. அந்த ஒரு வரிக்காகத்தான் இவ்வளவு நீளமாக எழுத உட்கார்ந்தேன்.

கட்டுரை வந்த அன்று மத்தியானமே முத்தியால்பேட்டையிலிருந்து ஓர் அக்கா போன் செய்தார். முன்பு புதுச்சேரியில் என்னோடு ஒரே வார்டில் வேலை பார்த்தவர். அவர் மகன் டல்லாஸில் இருக்கிறான், வீட்டு வாடகை கட்டி மாளவில்லை, ஒரு ஃபிஃப்த் வீல் வாங்கி அதிலேயே குடியிருக்கப் போகிறேன் என்கிறானாம், முன்பணம் கட்டும் வரைக்கும் வந்துவிட்டதாம். "பேப்பர்லயே போட்டுட்டாங்களே, அவன் வச்சிருக்கற பிக்கப்பே போதும்னு, அப்ப வாங்கட்டுமா?" என்று கேட்டார். எனக்கு வயிற்றைக் கலக்கியது. ஏனென்றால் இதே பேச்சை நம்பி வாங்கி, நெடுஞ்சாலையில் டயர் வெடித்து, உயிர் பிழைத்து வந்தவர்கள் நானும் என் வீட்டுக்காரரும்.

நான் நர்ஸ். அங்கே டிராவல் நர்ஸ் என்று ஒரு முறை இருக்கிறது, ஓர் ஆஸ்பத்திரியில் பெரும்பாலும் 13 வாரம் ஒப்பந்தம், முடிந்ததும் வேறு ஊர். ஒவ்வொரு தடவையும் மூன்று மாதத்துக்கு வீடு தேடி அலைவதைவிட வீட்டையே கூட இழுத்துக்கொண்டு போகலாம் என்று அந்த வேலையில் இருக்கும் பலர் செய்கிறார்கள், நாங்களும் நாலு வருஷம் அப்படித்தான் 32 அடி நீள ஃபிஃப்த் வீலில் குடித்தனம் நடத்தினோம். இப்போது மஞ்சக்குப்பத்தில் இருக்கிறோம். அந்த நாலு வருஷத்தைப் பற்றி எனக்கு வருத்தமே கிடையாது. ஜன்னலைத் திறந்தால் ஒரு மாதம் பைன் காடு, அடுத்த மாதம் கடல். ஆகையால் வாங்காதே என்று யாரையும் தடுக்க நான் எழுதவில்லை.

முதலில், ஃபிஃப்த் வீல் என்றால் என்ன என்பதைக் கட்டுரை சரியாகச் சொல்லவில்லை. மற்ற கேரவன் வண்டிகளை டிரக்கின் பின் பம்பருக்குக் கீழே உள்ள உருண்டையில் மாட்டுவார்கள். இதை அப்படி மாட்டுவதில்லை. டிரக்கின் பின்தொட்டிக்குள்ளேயே, பின் அச்சுக்கு நேர் மேலே அல்லது கொஞ்சம் முன்னால், ஹிட்ச் என்கிற ஒரு தட்டைப் பொருத்தி வைத்திருப்பார்கள். வண்டியின் முன்பகுதி மாடி மாதிரி தூக்கிக்கொண்டு வந்து அந்தத் தொட்டிக்கு மேல் நிற்கும், அதன் அடியில் தொங்குகிற கிங்பின் என்ற தடித்த இரும்புக் கம்பி தட்டின் தாடைக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். நம் சிப்காட்டுக்கு வருகிற கண்டெய்னர் டிரெய்லர் லாரிகளை நின்று பார்த்தவர்களுக்கு இது புரியும், அதே ஏற்பாடுதான், அளவுதான் சின்னது. பெயர் எங்கிருந்து வந்தது என்று பலர் கேட்கிறார்கள். கல்யாண ஊர்வலத்துச் சாரட்டு வண்டியின் முன் அச்சுக்கு மேல் படுக்கை வாட்டில் ஒரு வளையம் இருக்கும், வண்டி திரும்பும்போது அச்சு அந்த வளையத்தில்தான் சுழலும். நாலு சக்கரத்துக்கு மேல் படுத்துக்கிடக்கும் அதைத்தான் அந்தக் காலத்தில் ஐந்தாவது சக்கரம் என்றார்கள்.

நம் நாட்டு 1988 மோட்டார் வாகனச் சட்டமும் இந்த வகையைத் தனியாகப் பிரித்து, செமி டிரெய்லர் என்கிறது. வண்டியின் ஒரு பகுதி இழுக்கும் வண்டியின் மேல் ஏறி நின்று, எடையில் ஒரு பங்கை இழுக்கும் வண்டியே தாங்க வேண்டும், அதுதான் அதற்குச் சட்டம் தரும் விளக்கம். எடையில் ஒரு பங்கைத் தாங்க வேண்டும். கட்டுரையில் விட்டுப்போனது இதுதான்.

இழுப்பது வேறு, சுமப்பது வேறு. சக்கரத்தில் உருளும் பாரத்தை இழுக்க இன்ஜினுக்குப் பலம் இருந்தால் போதும், ஆனால் முதுகில் ஏறுகிற பாரத்தை ஸ்பிரிங்கும் அச்சும் டயரும்தான் தாங்க வேண்டும். ஃபிஃப்த் வீலின் மொத்த எடையில் சுமார் 15 முதல் 25 சதவீதம் வரை டிரக்கின் முதுகில் இறங்கும், 20 என்று வைத்துக் கணக்குப் போடுவது நல்லது. பம்பர் உருண்டையில் மாட்டும் வண்டிகளில் அது 10 முதல் 15 வரைதான். இப்படி எடை முன்னால் இறங்குவதாலும், மாட்டுகிற இடம் பின் அச்சுக்கு மேலேயே இருப்பதாலும்தான் ஃபிஃப்த் வீல் சாலையில் வாலை ஆட்டாமல் ஒழுங்காக வருகிறது. கட்டுரையில் அதைப் புகழ்ந்திருந்தீர்கள், உண்மைதான். ஆனால் அந்த நன்மைக்கான விலையை டிரக்தான் கொடுக்கிறது.

எங்கள் கதைக்கு வருகிறேன். எங்களிடம் முக்கால் டன் வகை என்று சொல்கிற டீசல் பிக்கப் இருந்தது, அது வகையின் பெயர்தான், தாங்கும் எடை இல்லை. அதன் விளம்பரப் புத்தகத்தில் 15,000 பவுண்டு, அதாவது 6,800 கிலோ இழுக்கும் என்று போட்டிருந்தது. நாங்கள் பார்த்த வண்டி முழுச் சாமானோடு அதிகபட்சம் 12,000 பவுண்டு, 5,440 கிலோ. விற்பனைக் கடையில் இருந்தவர், "மூவாயிரம் பவுண்டு மிச்சம் இருக்கிறது, கண்ணை மூடிக்கொண்டு வாங்குங்கள்" என்றார். கிங்பின்னில் இறங்கும் எடை எவ்வளவு என்று என் வீட்டுக்காரர் கேட்டார், இல்லையென்று சொல்ல மாட்டேன். 1,700 பவுண்டு என்று அச்சடித்த தாளைக் காட்டினார்கள். அது காலி வண்டியாக இருக்கும்போது கிங்பின்னில் இறங்கும் எடை. தண்ணீர் இல்லை, கேஸ் இல்லை, ஒரு தட்டு டம்ளர்கூட உள்ளே இல்லாதபோது தொழிற்சாலையில் எடுத்தது. அதை யாரும் எங்களுக்குச் சொல்லவில்லை, எங்களுக்கும் கேட்கத் தெரியவில்லை.

ஜூலை மாதம். ஹூஸ்டனில் ஒப்பந்தம் முடிந்து அமரில்லோவுக்குக் கிளம்பினோம், டெக்சாஸுக்குள்ளேயே கிட்டத்தட்ட 950 கிலோமீட்டர். கிளம்பும்போதே டிரக்கின் பின்பக்கம் பதிந்து, முகப்பு விளக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. பாலத்தின் இணைப்பு வருகிற இடங்களில் எல்லாம் அடியில் டம் டம் என்று இடித்தது. பெரிய வண்டி, இப்படித்தான் இருக்கும் என்று நினைத்துக்கொண்டோம். இரண்டாம் நாள் மதியம், தார் உருகுகிற வெயிலில், டிரக்கின் வலது பின் டயர் வெடித்தது. துப்பாக்கி சுட்ட மாதிரி சத்தம், உடனே வண்டி ஒரு பக்கமாக இழுக்கிறது, கண்ணாடியில் பார்த்தால் ரப்பர் துண்டுகள் பறக்கின்றன, மட்கார்டு கிழிந்து தொங்குகிறது. என் வீட்டுக்காரர் பிரேக்கை அழுத்தவில்லை. அவர் சின்ன வயதில் நெல்லிக்குப்பம் ஆலைக்குக் கரும்பு டிராக்டர் ஓட்டியவர், பாரம் பின்னால் தள்ளிக்கொண்டு வரும்போது முன்வண்டியின் பிரேக்கை மிதித்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும். டாஷ்போர்டில் பின்வண்டிக்கு மட்டும் மின்சார பிரேக் பிடிக்கிற ஒரு சின்னப் பிடி இருக்கிறது, அதை மெல்ல மெல்ல நெருக்கி, ஸ்டியரிங்கை விடாமல் பிடித்து, சாலையோரம் கொண்டுவந்து நிறுத்தினார். நான் இறங்கிப் புல்லில் உட்கார்ந்துவிட்டேன், கால் நிற்கவில்லை. எத்தனையோ விபத்துக் கேஸ்களைக் கையால் தொட்டுப் பார்த்தவள் நான்.

டயர் மாற்ற வந்தவர் சொன்னது, காற்று குறைவு, பாரம் அதிகம், வெயில் வேறு, மூன்றும் சேர்ந்து டயர் உள்ளுக்குள்ளேயே வெந்துபோயிருக்கிறது. நேராக அடுத்த டிரக் ஸ்டாப்பில் இருக்கும் எடைமேடைக்குப் போங்கள் என்று அவர்தான் அனுப்பினார். அங்கே நெடுஞ்சாலைகளில் கேட் ஸ்கேல் (CAT Scale) என்ற எடைமேடைகள் நிறைய உண்டு, லாரிக்காரர்களுக்காக வைத்தது, யாரும் போகலாம், சொற்பக் காசுதான். முன் அச்சு, பின் அச்சு, டிரெய்லர் அச்சு என்று மூன்றையும் தனித்தனியாகப் பிரித்துச் சீட்டு தருவார்கள். முதலில் மாட்டியபடி ஒரு எடை, பிறகு டிரெய்லரைக் கழற்றி நிறுத்திவிட்டு டிரக்குக்கு மட்டும் ஒரு எடை. டிரக்கின் இரண்டு அச்சும் சேர்ந்து முதல் சீட்டில் எவ்வளவு, இரண்டாவதில் எவ்வளவு என்று கழித்தால் வருவதுதான் கிங்பின்னில் இறங்கியிருக்கும் நிஜமான எடை.

எங்களுக்கு 2,380 பவுண்டு வந்தது. 1,080 கிலோ. கடைக்காரர் தாளில் காட்டியதைவிட 680 பவுண்டு கூட.

அன்றைக்குத்தான் டிரைவர் கதவைத் திறந்து, சட்டத்தில் ஒட்டியிருந்த மஞ்சள் வெள்ளை ஸ்டிக்கரை முதல் தடவையாகப் படித்தோம். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இவ்வளவுக்கு மேல் போகக் கூடாது என்று அந்த ஒரு வண்டிக்கென்றே கணக்கிட்டு ஒட்டியிருப்பார்கள், ஒரே மாடலில் இரண்டு வண்டி இருந்தால்கூட எண் மாறும். எங்களுடையதில் 2,140 பவுண்டு, 970 கிலோ. கிங்பின் எடை மட்டுமே அதைத் தாண்டிவிட்டது. அதற்கு மேல் ஹிட்ச் தட்டு 180, நாங்கள் இரண்டு பேர் 330, டூல்ஸ் பெட்டியும் ஜெனரேட்டரும் 190. மொத்தம் 3,080 பவுண்டு. நாங்கள் 400 கிலோவுக்கு மேல் அதிகமாக ஏற்றிக்கொண்டு, நெடுஞ்சாலையில், மற்றவர்களுடைய குழந்தைகள் போகிற கார்களுக்குப் பக்கத்திலேயே ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறோம். ஆஸ்பத்திரியில் நோயாளியின் எடை தெரியாமல் நான் ஒரு சொட்டு மருந்து ஏற்றியதில்லை. அந்த நினைப்பு என்னை இன்றைக்கும் உறுத்துகிறது.

அன்று ராத்திரி ஊருக்குப் போன் பேசினோம். என் மாமனார் மாட்டு வண்டிக் காலத்திலிருந்து கரும்பு ஏற்றியவர், கட்டிங் ஆர்டர் வந்தால் விடிய விடிய ஆலை வாசலில் நிற்பார். நடந்ததைக் கேட்டுவிட்டு அவர் கேட்ட முதல் கேள்வி, "ஏம்மா, முன்பாரமா ஏத்தினீங்களா பின்பாரமா ஏத்தினீங்களா?" முன்பாரம் அதிகமானால் நுகத்தடி மாட்டின் கழுத்தில் உட்கார்ந்து மாடு மண்டி போட்டுவிடும். பின்பாரம் அதிகமானால் நுகத்தடி மேலே தூக்கி, பூட்டாங்கயிறு கழுத்தை இறுக்கும். சாமானை எங்கே வைத்தோம் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். சொல்லச் சொல்ல எனக்கே விளங்கியது. நம் வீட்டுச் சாமான் எதெது கனமோ அது எல்லாம் முன்னால்தான் இருந்தது. முன்பக்கத்து அடிப்பெட்டி பெரியது என்பதால் இருபது பவுண்டு அரிசி மூட்டைகள் ஆறு, பருப்பு, புளி, நல்லெண்ணெய் டின், எல்லாம் அதில். இந்தியக் கடை இல்லாத ஊருக்குப் போகிறோமே என்று மூன்று மாதத்துக்கு வாங்கி அடுக்கியிருந்தேன். கல் கிரைண்டரும் அங்கேதான். கிங்பின்னுக்கு நேர் மேலே இருக்கிற படுக்கையறை அலமாரியில் புத்தகமும் எவர்சில்வர் பாத்திரமும். டிரெய்லரின் அச்சுக்கு முன்னால் எதை வைத்தாலும் அதில் ஒரு பங்கு டிரக்கின் முதுகுக்குப் போகும், முன்னால் போகப் போக அந்தப் பங்கு கூடும். அமெரிக்காவைப் பார்த்தே இராத அந்த மனிதர் போனிலேயே எங்கள் வண்டியை எடை போட்டுவிட்டார்.

தண்ணீரையும் மறந்துவிடக் கூடாது. எங்கள் நல்ல தண்ணீர்த் தொட்டி 60 கேலன், 227 லிட்டர், அப்படியே 227 கிலோ. இடத்துக்குப் போய் நிரப்பிக்கொள்ளலாம், எதற்கு இழுத்துக்கொண்டு போக வேண்டும்? கழிவுநீர்த் தொட்டிகளையும் கிளம்புமுன் காலி செய்துவிட வேண்டும். தொட்டி அச்சுக்கு முன்னாலா பின்னாலா என்பதைப் பொறுத்துப் பாரமும் மாறும், பின்பாரம் அதிகமாகி கிங்பின்னில் எடை குறைந்துபோவதும் ஆபத்துதான், வண்டி ஆட ஆரம்பிக்கும்.

அரிசியைக் குறைத்தோம், கிரைண்டரை நடுவில் வைத்தோம், ஆனாலும் அந்த டிரக்குக்குள் கணக்கு அடங்கவே இல்லை. கடைசியில் டிரக்கை நஷ்டத்துக்கு விற்று, பின்னால் ஜோடி ஜோடியாக நாலு டயர் உள்ள ஒரு டன் வகைப் பழைய டிரக் வாங்கினோம், அதன் ஸ்டிக்கரில் 5,400 பவுண்டு. முதலிலேயே வண்டியைத் தேர்ந்து, அதன் முழுப் பாரத்தில் 20 சதவீதம் கணக்குப் போட்டு, அதைத் தாங்கும் டிரக்கை அப்புறம் தேடியிருந்தால் அந்தப் பணம் மிஞ்சியிருக்கும். கையில் டிரக் இருக்கிறது, அதற்குள்தான் முடிக்க வேண்டும் என்றால் அதற்கேற்ற சின்ன வண்டியாகப் பார்க்க வேண்டும். வேறு வழியே கிடையாது. ஸ்பிரிங்குக்கு ஏர் பேக் போட்டுக்கொள்ளுங்கள், எல்லாம் சரியாகிவிடும் என்று எங்களுக்கும் சிலர் சொன்னார்கள். அது பதிந்த பின்பக்கத்தைத் தூக்கி நிறுத்தும், அவ்வளவுதான், அச்சும் டயரும் தாங்குகிற அளவு அதனால் கூடாது.

மாட்டுவதையும் கழற்றுவதையும் பற்றிக் கட்டுரையில் ஒரு வார்த்தை இல்லை. அதற்குத் தனிக் கட்டுரையே போடலாம், எனக்கு முக்கியமாகப் படுவதை மட்டும் சொல்கிறேன். பாடலீஸ்வரர் கோயில் தேருக்கு முட்டுக்கட்டை போடுகிறவர்களைப் பார்த்திருப்பீர்கள், அவர்கள் கண் சக்கரத்தை விட்டு நகராது. ஃபிஃப்த் வீலைக் கழற்றும்போதும் முதல் வேலை சக்கரத்துக்கு இரண்டு பக்கமும் கட்டை வைப்பது, அதற்கு அப்புறம்தான் ஊன்றுகாலை இறக்குவது, மின்சார வயரைப் பிடுங்குவது எல்லாம். மாட்டும்போது கிங்பின் தாடைக்குள் போகாமல் தட்டின் மேலேயே ஏறி உட்கார்ந்துவிடும் சில சமயம், பார்வைக்கு மாட்டிக்கொண்ட மாதிரியே இருக்கும், ஊன்றுகாலைத் தூக்கிவிட்டு நாலடி நகர்த்தினால் வண்டி அப்படியே டிரக்கின் தொட்டி விளிம்பில் விழும். எங்களுக்குப் பக்கத்தில் நின்ற ஒரு வயதான தம்பதிக்கு அது நடந்தது. அதனால் டார்ச் அடித்துத் தாடை மூடியிருக்கிறதா என்று கண்ணால் பார்க்க வேண்டும், பிறகு ஊன்றுகால் தரையில் இருக்கும்போதே டிரெய்லர் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு டிரக்கை மெல்ல முன்னால் இழுத்துப் பார்க்க வேண்டும். நாங்கள் ரத்தம் ஏற்றும்போது இரண்டு நர்ஸ்கள் சேர்ந்து பையில் உள்ள எண்ணை வாய்விட்டுப் படிப்போம், அதே மாதிரி ஒவ்வொரு தடவையும் அவர் ஒரு முறை, நான் ஒரு முறை, சத்தமாகச் சொல்லிச் சொல்லிச் சரிபார்த்தோம். டிரக்கிலிருந்து பிய்த்துக்கொண்டால் டிரெய்லரின் பிரேக்கைத் தானாகப் பிடிக்க வைக்கும் ஒரு மெல்லிய கம்பி இருக்கிறது, அதை மாட்ட மறந்து கிளம்புகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன்.

ஓட்டுவதைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். முனையில் திரும்பும்போது பின்சக்கரம் உள்பக்கமாக வெட்டிக்கொண்டு வரும், பம்பரில் மாட்டும் வண்டியைவிட இன்னும் அதிகமாக. சந்திப்பைத் தாண்டிக் கொஞ்சம் முன்னால் போய்த்தான் ஒடிக்க வேண்டும். தொட்டி நீளம் குறைந்த டிரக்காக இருந்தால் ரொம்ப ஒடித்துத் திரும்பும்போது வண்டியின் மூக்கு டிரக்கின் பின் கண்ணாடியை இடித்துவிடும், அதற்கென்று நகர்கிற ஹிட்ச் வாங்க வேண்டும். ரிவர்ஸ் போகையில் ஸ்டியரிங்கின் அடிப்பாகத்தைப் பிடித்துக்கொண்டு, வண்டியின் பின்பக்கம் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்தினால் போதும், ஞாயிற்றுக்கிழமை காலியாகக் கிடக்கும் மைதானத்தில் பத்து நாள் பழகினால் வந்துவிடும். ஏசியோடு சேர்த்து உயரம் சுமார் 13 அடி வரும், பெட்ரோல் பங்க் கூரையையும் பாலத்தையும் பார்த்துப் போக வேண்டும்.

காற்றைப் பற்றிக் கடலூர்க்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம். 2011 டிசம்பர் 30 அதிகாலை தானே புயல் அடித்தபோது நாங்கள் இங்கேதான் இருந்தோம், பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் வேரோடு கிடந்ததைப் பார்த்தவர்கள். அமரில்லோ பக்கம் மரமே இல்லாத சமவெளி, குறுக்கே அடிக்கிற காற்று 32 அடி நீளச் சுவரைப் போய்த் தள்ளும். காற்று மணிக்கு 30 மைலைத் தாண்டும் என்று வானிலையில் சொன்னால் நாங்கள் அன்றைக்குக் கிளம்ப மாட்டோம், ஒப்பந்தம் ஒரு நாள் தள்ளிப்போனாலும் சரி.

லைசென்ஸ் விஷயத்தையும் கட்டுரை தொடவில்லை. டெக்சாஸில் டிரெய்லர் 10,000 பவுண்டுக்கு மேல் இருந்து, டிரக்கும் டிரெய்லரும் சேர்ந்த அதிகபட்ச எடை 26,000 பவுண்டைத் தாண்டினால் சாதாரணக் கார் லைசென்ஸ் செல்லாது, ஏ வகுப்பு வேண்டும். எங்கள் இரண்டாவது டிரக் 14,000, டிரெய்லர் 12,000, சரியாக விளிம்பில் நின்றோம். கலிஃபோர்னியாவில் 10,000 பவுண்டைத் தாண்டிய ஃபிஃப்த் வீலுக்கு லைசென்ஸிலேயே தனிக் குறிப்பு வாங்க வேண்டும், 15,000 பவுண்டைத் தாண்டினால் அங்கேயும் ஏ வகுப்பு. மாநிலத்துக்கு மாநிலம் மாறும், விசாரிக்காமல் வாங்கக் கூடாது. அப்புறம், அதிலேயே நிரந்தரமாகக் குடியிருந்தால் வாரண்டி செல்லாது என்று பல கம்பெனிகள் பொடி எழுத்தில் போட்டிருக்கும், டல்லாஸ் தம்பி முக்கியமாக இதைப் பார்க்க வேண்டும். கூரையில் ஜன்னல், குழாய் வரும் இடங்களில் பூசியிருக்கும் சீலன்ட்டை ஆறு மாதத்துக்கு ஒரு தடவை ஏறிப் பார்க்காவிட்டால் தண்ணீர் இறங்கிச் சுவர் உளுத்துப்போகும். குளிரில் குழாய் உறைந்து வெடிக்கும். வீல் நட்டை முறுக்கிப் பார்ப்பது, பேரிங்குக்குக் கிரீஸ் வைப்பது, டயர் எந்த வருஷம் செய்தது என்று பார்ப்பது, இதெல்லாம் கரும்பு டிரெய்லர் வைத்திருப்பவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

கட்டுரையின் கடைசியில் நம் கிழக்குக் கடற்கரைச் சாலையிலும் ஃபிஃப்த் வீல் ஓடும் நாள் வரட்டும் என்று எழுதியிருந்தீர்கள். ஆசை நல்லது. ஆனால் முதுகில் ஒரு டன்னைத் தாங்கும் பிக்கப் இங்கே குடும்பத்துக்காக யார் வைத்திருக்கிறார்கள்? ரெட்டிச்சாவடி முதல் ஆல்பேட்டை வரை ஒரு தடவை பஸ்ஸில் உட்கார்ந்து பாருங்கள், தாழ்ந்து தொங்கும் கம்பியும் வேகத்தடையும் குறுக்கே வரும் டூவீலரும், அதில் 50 அடி நீள வண்டியை எங்கே திருப்புவது? இங்கே சரியாக வருவது வேன் அளவில், தானே ஓடுகிற கேரவன்தான். கேரளம் 2021ல் கேரவன் கேரளா என்று திட்டம் போட்டு, வண்டியோடு சேர்த்து அது நிற்கிற இடத்தையும் யோசித்தது. நமக்கும் வெள்ளிக் கடற்கரை பக்கமோ அரியாங்குப்பம் பக்கமோ நாலு வண்டி ராத்திரி நிற்க, தண்ணீர் பிடிக்க, கரண்ட் எடுக்க, கழிவுத் தொட்டியை ஒழுங்காகக் காலி செய்ய ஓர் இடம் இருந்தாலே போதும். அந்தக் கழிவு வசதி இல்லாமல் வண்டியை மட்டும் விட்டால் எல்லாம் கடலுக்கும் வாய்க்காலுக்கும்தான் போகும். இதைப் பற்றி நீங்கள் எழுதினால் நான் சந்தோஷப்படுவேன்.

என் கோரிக்கை இதுதான். வரும் ஞாயிறு இணைப்பில் அந்த ஒரு வரியைத் திருத்திப் போடுங்கள். இந்த மாவட்டத்திலும் புதுச்சேரியிலும் பிள்ளைகளை அங்கே அனுப்பிவிட்டு, பேப்பரில் வந்ததை மகனுக்குப் போனில் படித்துக் காட்டும் அம்மா அப்பா நிறையப் பேர் இருக்கிறார்கள், அவர்கள் உங்களை நம்புகிறார்கள். மகனோ மகளோ ஃபிஃப்த் வீல் வாங்கப் போகிறேன் என்றால், டிரைவர் கதவில் ஒட்டியிருக்கும் எண் எவ்வளவு, வண்டியின் முழு எடையில் 20 சதவீதம் எவ்வளவு, இரண்டையும் சொல்லு என்று அவர்கள் கேட்டால் போதும். வாங்கிய பிறகு எடைமேடைச் சீட்டை வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள்.

முத்தியால்பேட்டை அக்காவிடமும் அதைத்தான் சொன்னேன். மறுநாள் அந்தத் தம்பி கதவைத் திறந்து போட்டோ எடுத்து அனுப்பினான், 1,870 பவுண்டு. அவன் பார்த்து வைத்திருந்த வண்டி முழு எடையில் 11,000, அதில் 20 சதவீதம் 2,200. அவன், மனைவி, குழந்தை, ஹிட்ச், எதுவும் இன்னும் கணக்கில் சேரவில்லை. போனில் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தான், அப்புறம் "அத்தை, நான் இன்னும் கையெழுத்துப் போடலை" என்றான். நேற்று ராத்திரி அதைவிடச் சின்ன வண்டி இரண்டின் விவரங்களை அனுப்பியிருக்கிறான், என் வீட்டுக்காரர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்து கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நர்ஸ்,
மஞ்சக்குப்பம், கடலூர்.